கிருபாவுக்காக நான் சொன்ன சாட்சி

எங்கள் தெருவில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். இதை ஒட்டுக்கேட்பது என்பார்கள் சிலர். சிட்லபாக்கத்தில் வீடுகள் அவ்வளவு நெருக்கம். காதைக் கழற்றி வைத்துவிட்டா காய் நறுக்க முடியும்?

இன்ஸ்பெக்டர் சார், இதை நானே எழுதித் தருகிறேன். இந்த ரத்தினபாய் இருபத்தாறு வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவள். உங்கள் ரைட்டர் 'மாத்திறை' என்று எழுதியதைப் பார்த்தபின் அவரிடம் விட மனம் வரவில்லை.

கிருபா என் பக்கத்து வீடு. அவள் கணவன் தனசிங்குக்குப் பாரிமுனையில் வேலை. காலையில் மின்சார ரயில் பிடித்தால் இருட்டியபிறகுதான் வருவான். இந்த வருடம், எண்பத்தெட்டு மே மாதம், அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கிருபாவுக்குத் தாய் இல்லை, மாமியாருக்கு மூட்டுவலி. ஆகவே பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் எனக்கு வந்தது. வராவிட்டாலும் போய் எடுத்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் பச்சையம்மா சொன்னாள்: "இன்னாமா அந்தப் பொண்ணு, கொயந்த கத்திக்கினே கீது, அது பாட்டுக்கு சொவத்தப் பாத்துக்கினு குந்திகினு கீது. சோறும் துன்னல." எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சனிக்கிழமைக்கு விஷயம் கிடைத்தது என்றும் இருந்தது.

சனிக்கிழமை எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம். அடுத்த வீட்டைப் பற்றிப் பேசினால் வம்பு. அதையே ஜெபக்குறிப்பாகக் கொடுத்தால் ஊழியம். கிருபா குழந்தையைத் தொடுவதில்லை என்பதையும், "நான் இல்லாட்டி இது நல்லா இருக்கும்" என்று அவள் என்னிடம் அழுததையும் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவருக்கு விவரமாக எடுத்துச் சொன்னேன். பதினான்கு பேர் ஆமென் சொன்னார்கள்.

ஜூனில் தனசிங் அவளை மேற்குத் தாம்பரத்தில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். துணைக்கு நான். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இது சோம்பேறித்தனமும் இல்ல, பிசாசும் இல்ல. பிரசவத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்கு வர்ற வியாதி, குணமாகிற வியாதி. மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். சரியான மாதிரி தெரிஞ்சாலும் நிறுத்திடாதீங்க. அப்புறம், மாத்திரை அவ கையில இருக்க வேணாம். பொறுப்பான ஒருத்தர் வச்சுக்கணும்." தனசிங் என்னைப் பார்த்தான். மாத்திரை உறை என் கைப்பைக்குள் வந்தது.

ஜூலை நடுவில் கிருபா சிரித்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "பாருங்க ஆன்ட்டி, என் மூக்கு இதுக்கு" என்றாள். அந்தச் சனிக்கிழமையே நான் எழுந்து நின்று, எங்கள் ஜெபத்தால் கிருபா குணமடைந்தாள் என்று சாட்சி சொன்னேன். சாட்சி சொல்பவளை எல்லோரும் வாய் திறந்து பார்ப்பார்கள், சார். அது ஒரு தனி சுகம்.

"ரத்தினபாய் அக்கா, அவ மாத்திரை சாப்பிடுறாளாமே?" என்றாள் பின்வரிசை மெட்டில்டா. "அப்ப சாட்சி ஆண்டவருக்கா, டாக்டருக்கா?"

கூட்டமே சிரித்தது. "மாத்திரையும் ஆண்டவர் கொடுத்ததுதான், மெட்டில்டா. இதுல என்ன போட்டி?" என்று போதகரின் மனைவி முடித்துவைத்தார். நியாயமான பேச்சுதான். ஆனால் சிரித்த சிரிப்பைத் திரும்ப வாங்க முடியாதே.

திங்கட்கிழமை ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். மாத்திரை இல்லாமலே அவள் சிரித்துக்கொண்டிருந்தால் என் சாட்சி நிற்கும், மெட்டில்டா வாயைத் திறக்கமாட்டாள். டாக்டர் கொடுத்தது மஞ்சள் மாத்திரை. கடையில் மஞ்சளாகச் சத்து மாத்திரை வாங்கி உறையில் போட்டேன். உடம்புக்கு நல்லதுதானே.

"வாசனை வேற மாதிரி இருக்கே ஆன்ட்டி?"

"கம்பெனி மாத்திட்டாங்கம்மா."

நம்பினாள். நன்றியும் சொன்னாள்.

இரண்டாம் வாரம் தூக்கம் போயிற்று. நான்காம் வாரம் மறுபடி சுவர். டாக்டரிடம் போகலாம் என்றான் தனசிங். நானே போய்ப் பார்த்ததாகவும், அதையே தொடரச் சொன்னதாகவும் சொல்லி அவனுக்கு ஒரு நாள் லீவை மிச்சப்படுத்தினேன். கிருபா என் கையைப் பிடித்துக் கேட்டாள்: "ஒரு வேளை விடாம மாத்திரை போட்டும் இப்படியே இருக்கே ஆன்ட்டி. அப்ப எனக்கு இனி சரியே ஆகாதா?"

"விசுவாசமா இரும்மா" என்றேன். நிஜ மாத்திரைகள் என் பீரோவில்தான் இருந்தன. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்து அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டால், மெட்டில்டா சொன்னதே சரி என்றாகிவிடும். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

செப்டம்பர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு எடுத்துவந்து என் கட்டிலில் படுக்கவைத்தாள். "கொஞ்சம் பாத்துக்கங்க ஆன்ட்டி." தெருவில் போகிற எல்லோரையும் எங்கே என்று கேட்கிற நான், அவளைக் கேட்கவில்லை. குழந்தையைத் தொட்டுவிட்டாளே, ஜெபம் பலிக்கிறது என்ற சந்தோஷத்தில் இருந்தேன். மதியம் அவளை ஏரியிலிருந்து எடுத்தார்கள்.

"அந்த மாத்திரல சத்து மாத்திர வாட அடிச்சுது சார்" என்று பச்சையம்மா உங்களிடம் சொன்னது உண்மை. ஏழு வாரம், நாளைக்கு இரண்டு வேளை, நான்தான் மாற்றிக் கொடுத்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்காக நான் எடுத்த இருபத்தொரு நாள் உபவாசம் அந்தச் சனிக்கிழமை முடிய இருந்தது. இன்னும் நான்கே நாள் பொறுத்திருந்தால் குணமாகியிருப்பாள். அவசரப்பட்டது அவள்தான், சார்.