கோட்டின் மேல் விழுந்த முத்திரை

ரெட்டியார்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாள். பக்கத்தில் நின்று சண்டை போட்டவர்கள் அவள் புருஷனும் தம்பியும். எதிரெதிர்க் கட்சி ஏஜென்டுகள். மறு எண்ணிக்கையில் இரு வேட்பாளரும் சமம். தீர்ப்பாகாமல் நின்றது ஒரே ஓட்டுச்சீட்டு. முத்திரை இரண்டு சின்னங்களுக்கும் நடுக்கோட்டில் விழுந்திருந்ததாம்.

“எங்க பக்கந்தான் மை அதிகம், மாமா.”

“போடா! முக்காவாசி எங்க சின்னத்து மேலதான். நாளைக்கு ஆபீசரே சொல்லுவாரு பாரு.”

“நம்ம தெரு பூத்து சீட்டுதானே? வேணும்னேதான் அப்படிக் குத்தினேன்” என்றாள் அந்த அம்மாள்.

“நீயா?”

“உங்களுக்குப் போட்டா தம்பி வீட்டுக்கு வரமாட்டான். அவனுக்குப் போட்டா நீங்க சோறு திங்கமாட்டீங்க.”

இறங்கும்போது தம்பி சொன்னான்: “அக்கா, ஆபீசர்கிட்ட மட்டும் சொல்லிடாத. நாங்கதான் ஜெயிக்கிறோம்.”

“சொல்லிடாத. நாங்கதான் ஜெயிக்கிறோம்” என்றார் மாமாவும்.