வசந்தா என்றொரு பாறை

சிங்கவரம் பேருந்தில், முன்னிருக்கையில் நடுவயதுத் தம்பதி. ஓமன் பாலைவனத்தில் பாறை ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஜீப் ஓட்டிவிட்டு, பல வருடம் கழித்து நேற்றுதான் வந்திருக்கிறார் அவர். அடுத்த மாதம் திரும்பக் கூப்பிடுகிறார்களாம்.

"அங்க ஒரு பாறைக்கு உன் பேருதான், வசந்தா."

"இன்னாயா சொல்ற?"

"மண்ணு படிஞ்சு படிஞ்சு அடுக்கடுக்கா பாறையாயிருக்குது. பக்கத்து ஊரு பேரத்தான் அடுக்குக்கு வெப்பாங்க. அங்க ஊரே கிடையாது. இப்போதைக்கு ஒரு பேரு சொல்லுன்னாரு சாரு. சொல்லிட்டேன். தினமும் சுத்தியல எடுத்துக்கினு வசந்தாவ உடைக்கத்தான் போவோம்."

"அங்க போயுமா? சரி, எனக்கு வயசு இன்னா போட்டாங்க?"

"உள்ள இருக்கிற சிப்பியப் பார்த்து, கோடிக்கணக்குல."

"கெழவியாக்கிட்ட. எனக்கு மேல யாரு?"

"யாருமில்ல. மேல படிஞ்சதெல்லாம் காத்து அரிச்சிட்டுப் போயிடுச்சு. அத்தினி வருஷத்தையும் காணோம். அதுக்கு மேல நேத்து விழுந்த மணலுதான்."

அடுக்கே இல்லாத எங்கள் கருங்கல் மலை சன்னலில் மெல்ல நகர்ந்தது.

"இங்கயும் அப்பிடித்தான். கல்யாணமான ஒரு வருஷம் இருக்குது. நேத்து நீ வந்து எறங்குனது இருக்குது. நடுவுலதான் ஒண்ணுங் காணோம்."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அப்ப சாருக்கு இன்னான்னு சொல்றது?"

"வசந்தா இங்கதான் இருக்குதுன்னு சொல்லு."