துணைக்கு ஓர் ஆள்

என்னிடம் ஆரஞ்சுத் தோப்பு ஒன்று இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. காய் பறிக்க அவசரப்படுகிறவனை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. கபுலா விஷயத்திலும் நான் அவசரப்படவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏரி நடுவிலிருக்கும் நம் உகெரேவே தீவுக்கு அவள் நர்ஸாக மாற்றலாகி வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு ஐம்பத்தேழு. என் தோப்புக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டுக்குக் குடிவந்தாள். மனைவி இறந்த பிறகு நான் எந்தப் பெண்ணையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலியோரம் என்னைப் பார்த்தால், "சாப்டாச்சா, ஐயா?" என்பாள். அவ்வளவுதான். ஒரு வருடம் அந்தக் கேள்வியிலேயே போயிற்று.

அவளுக்கு யாருடைய துணையும் தேவைப்படவில்லை, அதுதான் சிக்கல். எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பிரசவம் பார்க்கத் தனியாக நடந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவள் வாசலில் என் வயதுக்காரன் என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது?

முதல் கல்லை எறிந்தபோது என் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் அது உருண்ட சத்தம் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. தோப்பைச் சுற்றிக்கொண்டு நிதானமாக அவள் வாசலுக்குப் போனேன்.

"நல்லவேளை வந்தீங்க, ஐயா. யாரோ கல்லெறியறாங்க."

"வேலையத்த பசங்களா இருக்கும்மா. கதவைச் சாத்திக்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

நாள் விட்டு நாள் எறிந்தேன். சில சமயம் பல நாள் எதுவும் செய்யமாட்டேன். அவள் கொஞ்சம் சிரிக்கத் தொடங்குவாள், பிறகு மறுபடி. கதவில் நகத்தால் கீறிவைத்தேன். கழுத்து திருகிய கோழி ஒன்றை வாசலில் போட்டேன். யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அவள் இளைத்துப்போனாள். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்" என்று அவளாகவே கேட்க ஆரம்பித்தாள். மரவள்ளிக் கிழங்கு சுட்டுக் கொடுப்பேன், ஏரியில் நான் பிழைத்துவந்த புயல்களைப் பற்றிச் சொல்வேன். என் உள்ளங்கைக்குள் அவள் கையின் நடுக்கம் மெல்ல மெல்லத் தணியும். 'ஐயா' போய் 'மகெசா ஐயா' ஆயிற்று. பிறகு ஒருநாள் வெறும் மகெசா. காதல் வேறு எப்படி வளரும், சொல்லுங்கள்.

அப்போதுதான் அவள் தம்பி மலுண்டே அக்கரையிலிருக்கும் முவான்சா நகரத்திலிருந்து வந்தான், அக்காவைக் கையோடு கூட்டிப்போக. கேலிக்காரன்.

"என்ன பெரியவரே, அந்தப் பேய் உங்க தலையைக் கண்டா மட்டும் ஓடிருதாமே. உங்களுக்கும் அதுக்கும் ஏதாச்சும் சொந்தமா?"

அவள் வாசலில் கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் மரவள்ளிச் செடிகளுக்குள் பதுங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கல்லோடு என் மணிக்கட்டைப் பிடித்தான். கோபப்பட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன், ஐயா. அவன் சிரித்தான். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா? வாங்க, அக்காகிட்டயே சொல்லுவோம்" என்று வீட்டைப் பார்த்துத் திரும்பினான். கல் என் கையில்தான் இருந்தது. அவனை என் படகில் ஏற்றி, பாறைகளைத் தாண்டிக் கொண்டுபோய், கனம் கட்டி ஏரியில் இறக்கினேன். அந்த இடத்தை உங்கள் ஆட்களுக்குக் காட்டுகிறேன். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தம்பியை அந்த ஏவலே கொண்டுபோய்விட்டது என்று கபுலா நம்பினாள். அவனைத் தேடி ஊரார் ஏரிக்கரையெல்லாம் அலைந்தபோது முன்னால் நடந்தவன் நான். அதற்குப் பிறகு நான் இல்லாமல் அவள் தண்ணீர் எடுக்கக்கூடப் போகவில்லை. கல்யாணத்தை நான் கேட்கவில்லை. "என்னைத் தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்று அவள்தான் சொன்னாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கல்கூட விழவில்லை. நல்ல நாட்கள் அவை. அவள் அதிகம் பேசமாட்டாள். குடும்பப் பெண்ணுக்கு அது அழகுதான்.

போன வாரம், "அம்மாவைப் பாத்துட்டு வரட்டுமா? கொஞ்ச நாள் அங்க இருக்கணும் போல இருக்கு" என்றாள். போய் வா என்றேன். சாயங்காலம் கூரையில் ஒரே ஒரு கல் போட்டேன், சின்னதுதான். அவளாகவே மனம் மாறட்டும் என்று. வழக்கம்போல ஓடிவருவதாகப் பாவனை செய்துகொண்டு உள்ளே போனேன்.

அவள் கூரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். விரல்களில் செம்மண் ஒட்டியிருந்தது.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கை கழுவிட்டு வாங்க. உகாலிக் களி ஆறிடும்" என்றாள். எனக்குப் பரிமாறினாள். மறுநாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உங்களிடம் வந்திருக்கிறாள். அவளை நான் குறை சொல்லவில்லை. குழம்பிப்போயிருக்கிறாள்.

பக்கத்து அறையில் இருக்கிறாள், தெரியும். என்னைக் கூட்டிவந்தபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இந்தக் கண்ணாடி வழியாக அவள் தோள் தெரிகிறது. எப்படி நடுங்குகிறது பாருங்கள். உங்கள் பெண் காவலர் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிறார், அதெல்லாம் பலிக்காது.

அந்தக் கதவை ஒரு நிமிஷம் திறக்கச் சொல்லுங்கள், ஐயா. இந்த அளவுக்குப் பயந்துவிட்டால், நான் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குத் தெம்பு வரும்.