மூன்றாவது ஆணி

எனக்குக் கதைப் புத்தகம் படிக்கும் பழக்கம் கிடையாது. பணியில் இருந்தவரை இயந்திரக் கையேடும் ஷிப்ட் பதிவேடும் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு செய்தித்தாள். அப்படிப்பட்டவன் அறுபத்தொன்பது வயதில், பூமிக்கடியிலிருந்து ஏதோ ஒன்று எழுந்து வந்து ஆட்களை விழுங்கும் நாவல் ஒன்றை ஓர் அத்தியாயம்கூட விடாமல் படித்தேன் என்றால், அதை எழுதியது என் மகள் என்பதுதான் காரணம். நாவலைவிட அதற்கு வந்த வாசகர் கருத்துகளைத்தான் அதிகம் படித்தேன். நீங்கள் கேட்டதும் அவற்றைப் பற்றித்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் எழுத்தர் எழுதுவதைவிட நானே எழுதித் தருவது நல்லது. என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

என் பெயர் இசக்கிமுத்து. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். 1972இல் நெய்வேலிக்கு வந்து முப்பத்தாறு வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் கன்வேயர் பெல்ட் பகுதியில் ஷிப்ட் ஃபோர்மேன். என் ஷிப்டில் கடிகாரத்தைப் பார்த்து பெல்ட்டை ஓட்டுவதில்லை, பெல்ட்டைப் பார்த்து மற்றவர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று ஆபரேட்டர் கலியன் கேலியாகச் சொல்வார். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டோம். நானும் என் மனைவி கனகமும் ஒரே மகள் தேவயானியும். தேவயானி இங்கே ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. முப்பத்து நான்கு வயது. வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்றாள். காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நாவலின் பெயர் ‘ஏழாம் படுகை’. கைபேசியில் கதை படிக்கும் செயலி ஒன்றில் வாரம் இரண்டு அத்தியாயமாக வெளியிட்டாள். 2091இல் நடக்கிறது. நிலக்கரியைத் தோண்டிக்கொண்டே போய் ஏழாவது படுகையைத் தொட்டதும், ஐந்து கோடி வருஷம் உறங்கிய ஒன்று விழிக்கிறது. அது விழுங்கிய ஆளின் குரலிலேயே பேசும். அந்தக் குரலில் அவன் வீட்டாரைக் கூப்பிடும். முகப்பில் ‘இ. தேவயானி’ என்று போட்டிருந்தாள். அந்த ‘இ’ நான். என் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பொருள் வெளியே போகிறது என்றால் அதைப் பற்றி நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது என் கடமை. தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பேன்.

பெரும்பாலும் நல்லவிதமாகவே எழுதினார்கள். “பதினாலாவது அத்தியாயம் படிச்சுகினு இருந்தப்ப மிக்ஸி ஓடுன சத்தத்துல கத்திட்டேன், மாமியார் ஓடி வந்துட்டாங்க” என்று பண்ருட்டியிலிருந்து ஒரு பெண். “ஹீரோயின் ஒத்தக் கையில ராக்கெட் லாஞ்சரைத் தூக்குறா. எங்க வூட்டுக்காரரு கேஸ் சிலிண்டரையே நகர்த்த மாட்டேங்கறாரு” என்று இன்னொருத்தி. “அந்தப் பூதம் எங்க ஏரியாவுக்கு வந்தா கொசுக்கடியிலேயே செத்துரும்” என்று ஒருவர். கனகத்திடம் படித்துக் காட்டுவேன். அவள் சிரிப்பாள். அந்த நாட்களில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இருபத்து மூன்றாம் அத்தியாயம் வந்தது.

அதில் கதிரவன் என்ற ஒப்பந்தத் தொழிலாளி, பெல்ட்டின் கடைசி உருளையில் ஒட்டிய கரியைச் சுரண்ட இறங்குகிறான். இங்கே ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் இறங்குகிறவன், சுவிட்ச் அறைச் சுவரில் உள்ள ஆணியில் தன் பெயர் எழுதிய தகட்டை மாட்டிவிட்டு இறங்குவான். ஒரு தகடு தொங்கினாலும் பொத்தானை அழுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் மாட்டியவனேதான் வந்து எடுக்க வேண்டும். ஃபோர்மேன் ஆனாலும் வேறு கை படக் கூடாது. கதையில் கதிரவன் தகடு மாட்ட மறந்துவிடுகிறான். பெல்ட் ஓடுகிறது. அதற்குப் பிறகு அவன் குரலில் அந்தப் பூதம் கதாநாயகியைக் கூப்பிடுகிறது.

அந்த அத்தியாயத்துக்கு மட்டும் நானூறு கருத்துகளுக்கு மேல் வந்தன. “கதிரவா, ஒரு தகடு மாட்டத் தெரியாதவன் எல்லாம் எதுக்குடா ஹீரோ?” என்று ஒருவர். அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கோவையிலிருந்து அருண்பிரசாத் என்பவர் எழுதியதுதான் மனதில் முள்ளாகத் தைத்தது. “பூதம் வில்லன் இல்லை. அந்த ஃபோர்மேன்தான். தகடு மாட்டாம ஆள் இறங்குறதைக்கூடப் பார்க்காம என்ன பண்ணிட்டிருந்தார்? தூங்குமூஞ்சி. இந்த மாதிரிப் பொறுப்பில்லாத ஆளுங்களாலதான் உசுரு போகுது.” அறுபத்து மூன்று பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். அதன் கீழே ஆளுக்கு ஒரு வார்த்தை. சோம்பேறி. தண்டச் சம்பளம். ஓசிச் சோறு.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் தேவயானியிடம் சொன்னேன்.

“அந்த ஃபோர்மேன் வாற இடத்தை மாத்திரு.”

“நீங்க படிக்கீங்களாப்பா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“அவரு மேல நான் எந்தத் தப்பும் எழுதலையே. விசாரணை ரிப்போர்ட்ல என்ன போட்டிருந்தாங்களோ, அதைத்தான் எழுதியிருக்கேன்.”

பதினான்கு வருஷத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. கனகம், “சோத்துத் தட்டுக்கு முன்னால என்ன பேச்சு, ரசம் ஆறுது” என்றாள். தேவயானி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

மறுநாள் நானே ஒரு கருத்து எழுதினேன். சுப்பிரமணியன், திருநெல்வேலி என்று பெயர் கொடுத்தேன். ஆத்திரத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதினேன். அதை நீங்கள் அச்செடுத்து வைத்திருக்கிறீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்: “ஆசிரியர் விவரம் தெரியாமல் எழுதியிருக்கிறார். அந்த ஃபோர்மேனின் ஷிப்டில் தகடு மாட்டாமல் எவரும் இறங்கியதில்லை. அந்தப் பையனும் மாட்டிவிட்டுத்தான் இறங்கினான். ஒப்பந்த ஆட்களுக்குப் பித்தளைத் தகடு கிடையாது, தகரம். மூன்றாவது ஆணி. ஃபோர்மேன் தூங்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.”

எழுதி முடித்ததும் மனம் லேசாயிற்று. அன்று பகலில் நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் அதன் கீழே ஒரு பதில் வந்திருந்தது. “கம்மாபுரத்துலேர்ந்து செல்லக்கிளி எழுதறேங்க. எங்க அண்ணன் கார்முகில் 2003ல பெல்ட்டுல இப்படித்தான் செத்துச்சு. தகடு மாட்டாம எறங்கிட்டான், அவன் தப்புதான்னு எழுதிட்டாங்க. எங்கம்மா அதையே சொல்லிகினு இருந்து செத்துப்போச்சு. நீங்க மாட்டுனான்னு சொல்றீங்க. எந்த ஆணின்னுகூடச் சொல்றீங்க. அப்ப நீங்க அங்க இருந்தீங்களாங்க? மாட்டுன தகடு எங்கங்க போச்சு?”

கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. என்னிடம் பதில் இருந்தது. எழுதவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த தேவயானி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் கைபேசி.

“சுப்பிரமணியன் யாருப்பா?”

“ஏதோ வாசகர்.”

“ஆணியைப் பத்தி நான் எழுதவே இல்லையே. எத்தனை ஆணின்னும் எழுதலை. மூணாவதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

இந்த இடத்தில் நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “அது மூணாவதுதான்” என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கனகம் அடுக்களை வாசலில் நின்றாள். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவன் கூவிக்கொண்டு போனான்.

“தகடு எங்க?” என்றாள். அப்பா என்று சேர்க்கவில்லை.

“பீரோவில். சர்வீஸ் ஃபைலுக்குள்ளே.”

அதை ஸ்டேஷனில் உங்களிடம் அவள்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். செல்லக்கிளியும் கூட வந்ததாகச் சொன்னீர்கள்.

இனி 2003ஐப் பற்றி. தேவயானி அப்போது கல்லூரி இறுதி வருஷம். என் ஷிப்டில் ஒப்பந்த வேலை பார்த்த கார்முகிலோடு டவுன்ஷிப் நூலகத்தில் பழக்கமாம். இருவருக்கும் விண்கலம், வேற்றுக் கிரகம் என்று அந்த மாதிரிக் கதைகள்தான். எனக்கு எதுவும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே குவார்ட்டர்ஸுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை. நான் உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்தான்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு பேசணுங்க.”

“டூட்டியில் பேசலாமே.”

“டூட்டி விஷயம் இல்லீங்க. ஒளிச்சு மறைச்சு செய்ய இஷ்டம் இல்ல. அதான் நேரா உங்ககிட்டயே வந்தேங்க.”

முழுவதையும் கேட்டேன். குறுக்கே பேசவில்லை. எந்தத் தெரு என்று மட்டும் கேட்டேன், சொன்னான். அதற்குப் பிறகு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. “ஒரு மாதம் பொறு, யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். “ரொம்ப நன்றிங்க சார்” என்று எழுந்து கும்பிட்டான். கனகம் காபி கொடுத்திருந்தாள். அவன் போனதும் அந்த டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். அவள் அதைக் கழுவி மற்ற டம்ளர்களோடு அடுக்கிவிட்டாள் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அவளே சொன்னாள்.

என் தங்கைகள் மூன்று பேரையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தவன் நான். ஊரில் கோவில் கொடை விழாவில் முதல் மாலை எங்கள் வீட்டுக்கு. தேவயானி ஒருத்தியால் எத்தனை வீட்டு வாசலில் நாங்கள் தலைகுனிந்து நிற்க வேண்டிவரும் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நல்ல வேலைக்காரன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது நாள் கழித்து, முதல் ஷிப்ட். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரக்கரி உருளையில் அப்பிக்கொண்டு பெல்ட் ஒரு பக்கமாக இழுத்தது. நிறுத்திச் சுரண்டச் சொன்னேன். கார்முகில் வந்து தகட்டை மூன்றாவது ஆணியில் மாட்டினான். “போய்ட்டு வந்துடறேங்க சார்” என்றான். சரி என்றேன். கலியனை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அறையில் நான் மட்டும்.

உண்மையைச் சொன்னால், அதுவரை நான் எதையும் தீர்மானித்திருக்கவில்லை. தகடு காற்றில் ஆடித் திரும்பிக்கொண்டது. பின்பக்கம் கம்பி முனையால் கீறிய ஓர் எழுத்து. ‘தே’. எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர், பன்னிரண்டு ஆண்கள் வந்துபோகும் ஒரு சுவிட்ச் அறையில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சைரன் அடித்தேன். பெல்ட்டை ஓட்டுமுன் சைரன் அடிக்க வேண்டும் என்பது விதி. முப்பது விநாடி. கடைசி உருளைக்கு அடியிலிருந்து வெளியே வர முக்கால் நிமிஷம் ஆகும். பிறகு பொத்தானை அழுத்தினேன். எதுவும் கேட்கவில்லை. அங்கிருந்து சுவிட்ச் அறை வெகு தூரம்.

விசாரணையில் ஆணி காலியாக இருந்தது என்று எழுதினார்கள். அது உண்மைதானே. என்னை யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. ஐந்து வருஷம் கழித்துச் சால்வை போட்டு வழியனுப்பினார்கள்.

தகட்டை ஏன் தூக்கி எறியவில்லை என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். மாட்டியவனே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறை. அவன் வரவில்லை. அதனால் என்னிடம் இருந்தது.

நேற்று கனகம் வந்தபோது மகளைப் பற்றி விசாரித்தேன். பதிலுக்குக் கைபேசியைக் கம்பிக்கு வெளியே உயர்த்திக் காட்டினாள். நாவலின் முகப்பில் இப்போது ‘க. தேவயானி’ என்றிருக்கிறது. அம்மாவின் எழுத்து. இருபத்து மூன்றாம் அத்தியாயத்தையும் திருத்தியிருக்கிறாள். கதிரவன் தகடு மாட்டிவிட்டு இறங்குகிறான். ஃபோர்மேன் அதை எடுக்கிறார். அதற்கும் கருத்துகள் வந்திருக்கின்றன, படிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தூங்குமூஞ்சி என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றாள். அது போதும்.

ஒரே ஒரு விஷயம். என் வயதைப் பார்த்து, நல்ல எண்ணத்தில்தான், நீங்கள் தயார் செய்த அறிக்கையில் ‘பணியில் கவனக்குறைவால் நேர்ந்த மரணம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். தயவுசெய்து அதை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதுங்கள். முப்பத்தாறு வருஷத்தில் என் ஷிப்டில் கவனக்குறைவு என்று ஒன்று நடந்ததே இல்லை.