சீனியம்மா இடிச்ச மாவு

நம்ம மஞ்சநத்திப்பட்டிக்கு ரோடு இல்லாத காலமாம். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அப்ப இந்த ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருந்தாகளாம். அண்ணன் முத்திருளன், தம்பி கொப்பையா. கொப்பையா பொண்டாட்டிதான் சீனியம்மா. இன்னைக்கு நாம கும்புடுறமே, அந்தச் சீனியம்மாதான்.

ஒரு நாள் கம்மாத் தண்ணி பாய்ச்சுறதுல சண்டை. முத்திருளன் வீசுன அருவா பக்கத்தூர்க்காரன் கழுத்துல விழுந்துச்சு. ஆள் அங்கனயே முடிஞ்சான். போலீசு வந்தப்ப நான்தான் வெட்டுனேன்னு கொப்பையா முன்னால வந்து நின்னானாம். வீட்டாளுககிட்ட மட்டும் இப்படிச் சொன்னானாம்.

"அண்ணனுக்கு மூணு பிள்ளைக. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் போறேன்."

போனான். பதினாலு வருசம் போட்டுட்டாக.

செயிலு ரெண்டு நாள் தொலைவு. வருசத்துக்கு ரெண்டு தடவ பாக்க விடுவாக. சீனியம்மா பத்து நாளைக்கு முந்தியே ஆரம்பிச்சிருவாளாம். கம்பை வறுப்பா, எள்ளை வறுப்பா. உரல்ல இடிப்பா, சலிப்பா, சலிச்சதைத் திரும்ப இடிப்பா. கருப்பட்டியப் பொடிச்சுக் கலப்பா. தன் சீலையிலயே ஒரு துண்டைக் கிழிச்சு மூட்டை கட்டுவா. தலைக்குக் குளிச்சு, நல்ல கண்டாங்கியா உடுத்தி வாசலுக்கு வருவா.

முத்திருளன் வண்டியோட நிப்பான். "செயிலுக்குப் பொம்பளைய விடமாட்டாக தாயி. குடு, நான் குடுத்துர்றேன்."

"அவுகளுக்கு இருமல் இருந்துச்சே. எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வாங்க பெரியத்தான்."

"கேக்குறேன் தாயி."

ஊர் எல்லை தாண்டுனதும் மூட்டைய அவுத்து வண்டி மாட்டுக்குக் கொட்டுவான். கொட்டிட்டுச் செயிலுக்குப் போவான். போயித் தம்பிகிட்ட என்ன சொல்லுவான்? "சீனியம்மா வேற ஒருத்தனோட போயிட்டாடா. மறந்துரு"ம்பான். அடுத்த தடவ, "பிள்ளை பெத்துட்டா"ம்பான். திரும்பி வந்து இவகிட்ட என்ன சொல்லுவான்? "நல்லாத் தின்னான் தாயி. ருசின்னான்."

எதுக்கு இத்தனையும்? தம்பி பங்குக் காட்டு நிலத்துக்கு. மூணாம் வருசம் கொப்பையா மனசு விட்டுப்போயிப் பத்திரத்துல கைநாட்டு வச்சுட்டானாம். வச்ச பிறகும் முத்திருளன் போறத நிறுத்தல. நிறுத்துனா இவ கிளம்பிருவாளே.

இப்படியே ஆறு வருசம். பன்னெண்டு மூட்டை.

ஏழாம் வருசம் முத்திருளன் வண்டியிலருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு கட்டில்ல கெடந்தான். சீனியம்மா மாவு இடிச்சா. மூட்டை கட்டுனா.

"போகாத தாயி. அங்க அடிச்சு வெரட்டுவாக"ன்னான் முத்திருளன்.

"அடிச்சா வாங்கிக்கிறேன் பெரியத்தான்."

நடந்தா. ரெண்டு நாள் நடந்தா. செயிலு வாசல்ல புருசன் பேரைச் சொன்னா. காவக்காரன் உள்ள போயிட்டு வந்து, "உன்னப் பாக்கமாட்டானாம். போ"ன்னான். அவ போகல. ரெண்டு நாள் வாசல்லயே உக்காந்திருந்தா. மூணாம் நாள் கொப்பையா வந்தானாம். கம்பிக்கு அந்தப் பக்கம், எலும்பும் தோலுமா.

"உன் பிள்ளைக சௌக்கியமா?"

"எந்தப் பிள்ளைக?"

"நீ போயிருக்கியே, அவனுக்குப் பெத்த பிள்ளைக."

"நான் எங்கயும் போகலயே. பன்னெண்டு மூட்டை மாவு பெரியத்தான்கிட்டக் குடுத்து விட்டேனே."

அவன் கம்பியப் பிடிச்சுக்கிட்டானாம். அப்புறம், "ஒரு வாயி வரலயே சீனி"ன்னானாம்.

கம்பி வழியா அவன் கையில மாவ வச்சா. வாயில போட்டான். இருமல் வந்துருச்சு. இருமி இருமி, மாவு ரத்தத்தோட வெளிய வந்துச்சாம். நேரமாச்சுன்னு காவக்காரன் இழுத்துட்டுப் போயிட்டான். அடுத்த மாசம் செத்த சேதி வந்துச்சு.

அழுதாளா? அழுகல. கம்பை வறுத்தா, எள்ளை வறுத்தா, இடிச்சா. பன்னெண்டு மூட்டை கட்டுனா. உச்சி வெயில்ல ஊரைக் கூட்டிக்கிட்டு முத்திருளன் கட்டிலுக்கு முன்னால போயி நின்னா.

"ருசின்னு சொன்னீகளே பெரியத்தான். தின்னுட்டுச் சொல்லுங்க."

வறட்டு மாவு. கையால அள்ளி அள்ளி அவன் வாயில வச்சா. மொத மூட்டைய அழுதுக்கிட்டே தின்னான். ஊரு நின்னு பாத்துச்சு. ரெண்டாம் மூட்டையில "தண்ணி"ன்னான். அவன் பொண்டாட்டி செம்பை எடுத்தா. சீனியம்மா திரும்பி அவளை ஒரு பார்வை பாத்தாளாம். செம்பைக் கீழ வச்சுட்டா. மூணாம் மூட்டை பாதியில தொண்டை அடைச்சு, கண்ணு குத்திட்டு நின்னுபோச்சு. சீனியம்மா நிறுத்துனாளா? நிறுத்தல. மிச்ச மூட்டையையும் அந்த வாயிலயே கொட்டுனாளாம்.

அப்படியே நடந்து அந்தச் செயிலு வாசல்லயே போயி உக்காந்தாளாம். பிடிச்சுத் தூக்குல போட்டாகன்னு சொல்றாக. செயிலுக்குள்ளயே காச்சல்ல செத்தாள்னும் சொல்றாக. அவளைப் பாக்க இங்கருந்து ஒரு ஆளு போகல.

அதுலருந்துதான் நம்ம ஊர்ல யாரும் தின்பண்டத்த இன்னொருத்தர் கையில குடுத்து விடுறதில்ல. ஆசுபத்திரியோ கல்யாண வீடோ, குடுக்குறவுகதான் கொண்டுபோகணும்.

அவளுக்குப் பிள்ளை இல்ல. மாசியில அவளுக்குப் படைக்கிறது முத்திருளன் வழி ஆளுக. நானும் அந்த வழிதான். வறட்டு மாவை மட்டும் இலையில வைப்போம். எங்க அய்யா ஒரு வருசம், "போதும்ப்பா, கூட ஒரு செம்பு தண்ணி வைங்க"ன்னு சொன்னாராம். வீட்டுப் பொம்பளைக ஒருத்தரும் செம்பைத் தொடலயாம்.