தொடரும்னு ஒரு அசிங்கம்

வேகமாத்தாம்மா போறன். சூளகிரி தாண்டிட்டம், சிங்காரப்பேட்டைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும். அப்பா சீரியஸ், கூட்டினு வான்னுதான் உங்க மாமா எனக்குப் போன்ல சொன்னாரு. கம்பெனி கேப் ஓட்டறவனுக்கு வேற என்னா தெரியும் லாவண்யாம்மா? அம்மா போன் எடுக்கலியா? ஆஸ்பத்திரில சைலண்ட்ல போட்டிருப்பாங்க.

சரி, வேற பேசறன். நீங்க ஏதோ ஆப்ல வாராவாரம் கதை எழுதறீங்களே, அத எங்க வீட்டுல சுகுணா எனக்குப் படிச்சுக் காட்டுவா. சொன்னா கோச்சுக்காதீங்க, குமட்டிக்கினு வருது.

நல்லாத்தான் எழுதறீங்க, யாரு இல்லன்னா? ஆனா கதையில அந்தப் புருசங்காரன ஆறு வாரமா ஐ.சி.யூ.ல போட்டு வெச்சிருக்கீங்க. டாக்டர் வெளிய வர்றாரு, கண்ணாடியக் கழட்டறாரு, வாயத் தொறக்கறாரு, உடனே தொடரும்! அடுத்த வாரம் பாத்தா, கேண்டீன் எந்தப் பக்கம்னு நர்சக் கேக்கறாரு. சீ! பொண்டாட்டிக்காரி அங்க உசுரக் கையில புடிச்சிக்கினு நிக்கறா. அவள நிக்க வெச்சு வேடிக்க பாக்கறீங்க. சுகுணா அன்னைக்கு சோத்துத் தட்டத் தள்ளி வெச்சிட்டா.

டெக்னிக்கா? நல்ல பேரும்மா. எழுதறவங்களுக்கு முடிவு தெரியுமில்ல? தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினு, கேக்கறவங்க மொகம் சுண்டறதப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கறது என்னா டெக்னிக்கு? அசிங்கம். சோப்புப் போட்டுக் கழுவுனாலும் போவாது. கம்பெனி கேட்டுல உங்கள ஏத்தனதுல இருந்து எனக்கு என்னியப் பாத்தாலே அருவருப்பா இருக்குது.

இல்லம்மா, ஒன்னுமில்ல. நான் ஒரு கிறுக்கன், வாயில வந்தத பேசறன். தண்ணி குடிங்க.

ஆமா, கிருஷ்ணகிரிதான். நிறுத்தணுமா, எங்க? பழக்கடையா? அப்பாவுக்குச் சாத்துக்குடியா... ரெண்டு கிலோவா...

வேணாம்மா. எறங்காதீங்க, வெயில் அடிக்குது. பக்கத்துல பூக்கடை இருக்குது, நானே போயி மாலை வாங்கியாரன். வீட்டு வாசல் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு உங்க மாமா சத்தியம் வாங்கனாரு, என்னால ஆவல. அப்பா காலையில ஆறு மணிக்கே போயிட்டாரும்மா.