முதலிடம் பிடித்த கத்திரிக்காய்

— நில்லு எட்மண்டு! ஓரமா நழுவிடலாம்னு பாக்குறியா? இந்தா, இந்தக் கத்திரிக்காயை உன் கையாலயே பொள.

— வேலைக்கு நேரமாச்சு, ரத்தினம்மாக்கா. பஸ்ஸு போயிடும் லா.

— போகட்டும். தேக்கா மார்க்கெட்டே பாக்கட்டும், பொள! என்ன இருக்கு?

— புழு.

— ஒண்ணா?

— மூணு.

— காலையில ஜரீனா வந்தா. பன்னெண்டு வருசமா அவ சாப்பாட்டுக் கடைக்கு என் காய்தான். இதே மாதிரி ஒண்ணைப் பொளந்து என் முன்னால வச்சுட்டு, அடுத்த கடைக்குப் போயிட்டா. திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

— மருந்து அடிச்சுப் பாத்தீங்களாக்கா?

— வாயை மூடு! சிராங்கூன் கம்பத்து வீட்டுக் கொல்லையில இருந்த முள்ளுக் கத்திரிக்கு நான் என்னைக்குடா மருந்து அடிச்சேன்? காய் சின்னது, கசப்பும் கொஞ்சம் தூக்கல், ஒத்துக்குறேன். ஆனா ஒரு புழு வாய் வச்சதில்ல. அதை வேரோட புடுங்குங்கன்னு ஒத்தக் கால்ல நின்னவன் யாரு? ‘அரசாங்கப் பண்ணையில வேலை பாக்குறேன், எனக்குத் தெரியாதா’ன்னு இந்த வழுவழு காயோட வெதையைக் குடுத்தவன் யாரு?

— நான்தான்.

— வீட்டுக் கொழம்புக்குன்னு நீ ரெண்டு முள்ளுக் கத்திரி கேட்டப்ப, கூடை நிறைய அள்ளிக் குடுத்தேனே. அந்தக் கைக்கு நீ காட்டுற நன்றியா இது?

— மாதா மேல சத்தியமா நல்லதுக்குத்தான் செஞ்சேன். பண்ணையில பன்னெண்டு ஜாதி கத்திரிக்காயை நறுக்கி, தனித்தனியா புழுவுக்குப் போடுறது என் வேலை. பத்து நாள் கழிச்சு ஆபீசர் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஏதோ நிறுப்பாரு. அப்புறம் போர்டுல வரிசையா எழுதுவாரு. இதுக்கு முதல் எடம். முதல் எடம்னா நல்ல ஜாதின்னு நெனச்சேன்.

— என்னத்தை நிறுத்தாராம் அந்த மனுசன்?

— நேத்துத்தான் கேட்டேன்.

— என்னத்தைடா?

— புழுவை.

— அப்ப... எதைத் தின்னு புழு கொழுத்துச்சோ அதுக்கா முதல் எடம்? அடப்பாவி! புழுவுக்கு விருந்து வைக்கவா என் கொல்லையை அழிக்கச் சொன்னே?

— அக்கா, எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டும்! என் பொழப்பு போனதை யாருடா பாத்தா? சொல்லு, கடைசி எடம் வந்த காயைத் தின்ன புழு என்ன ஆச்சு?

— வளரவே இல்லியாம். பாதி செத்துப் போச்சாம்.

— அந்த வெதைதான் எனக்கு வேணும். ஆபீசர் காலுல விழுவியோ கையப் புடிப்பியோ, வாங்கிட்டு வா.

— அங்க வெதை இல்லக்கா. பிஞ்சுக் காயாத்தான் வந்துச்சு. எல்லாத்தையும் புழுவுக்குப் போட்டாச்சு.

— அப்ப யாரு கொல்லைக் காய்னு சொல்லு. நானே போய்க் கேக்குறேன்.

— நீங்க கூடை நிறைய குடுத்தது கொழம்புக்குப் போகலக்கா.